ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன்: சொல்லும் வட்டியும் கட்டும் வட்டியும்

தனியார் மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்தால் நோயைப் பற்றிய பேச்சோடு பணத்தைப் பற்றிய பேச்சும் ஆரம்பித்துவிடுகிறது. "இப்போதைக்கு ஐம்பதாயிரம் கட்டிடுங்க சார், மீதியை ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டிக்கலாம்" என்பார்கள் பில்லிங் கவுன்டரில். உடனே ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்குவார்கள். "தெரிஞ்ச ஃபைனான்ஸ்ல 12 பர்சென்ட்தான் மாப்ளே" என்பார் மைத்துனர். "ரெண்டு வட்டிக்கு நான் வாங்கித் தரேன்" என்பார் ஊர்க்காரர். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் கடன் நிறுவனத்து ஆள் "வட்டியே கிடையாது, 12 மாச இஎம்ஐ" என்பார். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்து அடகு வைத்துவிட்டு வரச் சொல்வார்.

இதில் எது மலிவு? வட்டியே இல்லாதது முதலிடம், 12 சதவீதம் அடுத்தது, ரெண்டு வட்டி ரொம்ப அதிகம், நகையைத் தொடவே கூடாது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வரிசையே தலைகீழாகப் போகலாம். காரணம், இந்த எண்கள் எல்லாம் வேறு வேறு அளவுகோலால் அளந்தவை. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது எப்படி, அதன் பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

கடன் வாங்காமலே முடியுமா?

முதலில் இதைப் பார்த்துவிடலாம், இதில் போகிற அரை மணி நேரம் வீண் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். எல்லா மருத்துவமனைகளும் எல்லாச் சிகிச்சைகளும் இதில் வராது என்பதால், "இந்த ஆபரேஷனுக்கு இங்கே முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு செல்லுமா?" என்று சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். பி.எஃப். கணக்கு உள்ளவர்கள் நோய்ச் சிகிச்சைக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் ஓய்வுக் காலத்துக்கு வைத்த பணம் அந்த அளவுக்குக் குறையும்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்கு மட்டுமே கடன் வாங்க வேண்டும். மருத்துவமனை தரும் மதிப்பீட்டுத் தொகை முழுவதையும் முதல் நாளே வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதும் தேவையில்லை. அட்வான்ஸ், ஆபரேஷன், டிஸ்சார்ஜ் என்று பணம் கட்டக் கட்டப் புரட்டினால் அந்தந்த நாள் வரையிலான வட்டி மிச்சம்.

வட்டி எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நாம் வாங்கிய தொகை அசல். அதைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் வாடகை வட்டி. அந்த வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

பந்தல்காரரிடம் 100 நாற்காலிகளை நாலு நாளைக்கு எடுக்கிறோம். ஒரு நாற்காலிக்கு ஒரு நாள் வாடகை 10 ரூபாய். கூட்டம் குறையக் குறைய நாளுக்கு 25 நாற்காலிகளாகத் திருப்பி அனுப்புகிறோம். முதல் நாள் 100, இரண்டாம் நாள் 75, பிறகு 50, கடைசியாக 25. நியாயமான வாடகை 2,500 ரூபாய். ஆனால் பந்தல்காரர், "நீங்க எடுத்தது 100 நாற்காலி. நாலு நாளைக்கும் நூறுக்குத்தான் கணக்கு" என்று 4,000 ரூபாய் கேட்டால்? திருப்பிக் கொடுத்த நாற்காலிக்கும் வாடகையா என்று சண்டைக்குப் போவோம்.

கடனில் இதே காரியம் நடக்கும்போது பலரும் கவனிப்பதில்லை. மாதாமாதம் கட்டும் தவணையில், அதாவது இஎம்ஐயில், ஒரு பகுதி வட்டிக்குப் போகிறது, மறுபகுதி அசலைக் குறைக்கிறது. குறைந்த அசலுக்கு மட்டும் அடுத்த மாத வட்டி போட்டால் அது குறையும் இருப்பு வட்டி. வங்கிகளின் தவணைக் கடன்கள் பொதுவாக இந்த வகைதான். முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டால் அது ஃபிளாட் வட்டி. மைத்துனர் சொன்ன "12 பர்சென்ட்" இந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

2 லட்சம் ரூபாயை இரண்டு வருடத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். குறையும் இருப்பில் 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 9,415 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 26,000. அதே 12 சதவீதம் ஃபிளாட்டாக இருந்தால் வட்டி 48,000, தவணை 10,333. இந்த ஃபிளாட் 12ஐக் குறையும் இருப்புக் கணக்குக்கு மாற்றினால் வருடத்துக்கு சுமார் 21.6 சதவீதம் வருகிறது. இரண்டு பேரும் சொன்னது 12தான், ஆனால் ஒருவருடைய கடன் மற்றவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

சரி, ஊர்க்காரரின் "ரெண்டு வட்டி" எவ்வளவு? நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கொஞ்சம் அசலைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான வட்டியும் அன்றோடு நின்றுவிடும் என்றால் அது குறையும் இருப்பு வகைதான். ஆக, கேட்பதற்குப் பாதியாகத் தெரிந்த ஃபைனான்ஸ் கடனும் ஊர்க் கடனும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஊர்க் கடன் நல்லது என்று சொல்ல வரவில்லை. அதை விலை அதிகம் என்று ஒதுக்குகிற நாம் ஃபைனான்ஸ் கடனையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்கிறேன்.

தினத் தண்டல் கணக்கு இவை எல்லாவற்றையும் விட மோசம். 10,000 என்று எழுதி, 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாயாக 100 நாளைக்குக் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே போச்சு" என்று தோன்றும். ஆனால் கடன் 100 நாளில் முடிகிறது, அசலும் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. வருடக் கணக்கில் இது ஏறக்குறைய 120 சதவீதம். தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் இவற்றைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டமே வந்தது. நோயாளி படுக்கையில் இருக்கும் நேரத்தில் இந்த வலையில் விழும் குடும்பம் நோய் தீர்ந்த பிறகும் பல வருடம் அதிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: வட்டி எண்ணை யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மாதத்துக்கா, வருடத்துக்கா? முழு அசலுக்கா, குறைந்துவரும் அசலுக்கா?

வட்டிக்கு வெளியே இருக்கும் செலவு

வங்கியில் குறையும் இருப்பில் 12 சதவீதத்துக்கே கடன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்துக்குப் பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம், 4,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 720. இதைப் பிடித்துக்கொண்டு 1,95,280 ரூபாய்தான் கணக்கில் விழும். தவணை மட்டும் 2 லட்சத்துக்கு. கையில் வந்த பணத்தை வைத்துக் கணக்கிட்டால் 12 என்பது ஏறக்குறைய 14.4 ஆகிவிடுகிறது. கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் தலையில் கட்டியிருந்தால் இன்னும் ஏறும்.

வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்வதற்கு ஆண்டு சதவீத விகிதம் என்று பெயர். ஏ.பி.ஆர். என்றும் சொல்வார்கள். கடன்களை ஒப்பிட நான் தேடும் முதல் எண் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க நாம் கணக்குப் போட வேண்டியதும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு, வங்கியாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிதி நிறுவனமாக இருந்தாலும், முக்கிய விவர அறிக்கை என்ற ஒரு தாளைக் கொடுத்தாக வேண்டும். சுருக்கமாகக் கே.எஃப்.எஸ். என்பார்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பது விதி. கடன் தொகை, தவணை, ஒவ்வொரு கட்டணம், தாமதமானால் என்ன அபராதம், ஆண்டு சதவீத விகிதம் எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தவணையில் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்ற அட்டவணையும் சேர்ந்தே வரும். தாளில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு கேட்க முடியாது. ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகளை ஏற்க நமக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. ஆக, "இப்பவே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அதை நம்ப வேண்டாம்.

"கே.எஃப்.எஸ். கொடுங்க, ஏ.பி.ஆர். எவ்வளவுன்னு காட்டுங்க" என்று கேட்டாலே எதிரில் இருப்பவரின் பேச்சு மாறும். தாளைத் தர மறுக்கும் இடத்தில் கடன் வாங்காதீர்கள்.

வட்டியில்லா இஎம்ஐ என்பது என்ன?

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று வியாபாரத்தில் கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிறகு வட்டியை யார் கட்டுகிறார்கள்? பொதுவாக நடப்பது இது: கடன் நிறுவனம் மருத்துவமனைக்குப் பில் தொகையைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது, நம்மிடம் முழுத் தொகையையும் தவணையாக வாங்கிக்கொள்கிறது. இடையில் உள்ள வித்தியாசம்தான் அதன் வட்டி.

மருத்துவமனை அந்த இழப்பைத் தன் லாபத்திலிருந்து ஏற்றுக்கொண்டால் நமக்கு நல்லதுதான். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் உடனடியாகப் பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போனால், அதுவே நாம் கட்டும் வட்டி. எனவே இஎம்ஐ பேச்சை எடுப்பதற்கு முன்பே கவுன்டரில், "மொத்தப் பணத்தையும் இன்னைக்கே கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள். பில் 1,20,000, மொத்தமாகக் கட்டினால் 1,10,000 என்று சொல்கிறார்கள் என்றால், மாதம் 10,000 வீதம் 12 மாதம் கட்டும் அந்த "வட்டியில்லா" கடனின் உண்மையான விலை வருடத்துக்கு சுமார் 16 சதவீதம். தள்ளுபடியே கிடையாது, தனியாகக் கட்டணமும் கிடையாது என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே திட்டமிடக்கூடிய பல் சிகிச்சை, கண் ஆபரேஷன், குழந்தைப்பேறு சிகிச்சை போன்றவற்றில் இந்த மேஜைகள் அதிகம். அவசரம் இல்லாத சிகிச்சை என்பதால் நமக்கும் அவகாசம் இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுப் பார்க்கலாம்.

நகைக் கடன், பக்கத்திலிருந்து பார்த்தால்

நகையை அடகு வைப்பதைக் கடைசி வழியாக நினைப்பவர்கள் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. பீரோவில் இருக்கும் நகை ஈடாக இருப்பதால் கடன் கொடுப்பவருக்குப் பயம் குறைவு, அதனால் வட்டியும் குறைவு. ஒரே நாளில் பணம் கையில் கிடைக்கும், சம்பளச் சீட்டும் தேவையில்லை. வங்கி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் வட்டி பொதுவாகக் குறைவாக இருக்கும். தெருமுனை அடகுக் கடையிலும் சில தனியார் நிறுவனங்களிலும் அதிகம்.

கவுன்டரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்ப்பார். பிறகு தராசில் வைப்பார். சீட்டில் இரண்டு எடை எழுதுவார்கள்: மொத்த எடை, நிகர எடை. கல், அரக்கு, நூல் எல்லாவற்றையும் கழித்தது நிகர எடை. அந்தத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்பு, செய்கூலிக்கோ கல்லுக்கோ கிடையாது. கல் வைத்த அட்டிகையைவிட அதே எடையுள்ள சாதாரண வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைப்பது இதனால்தான். இரண்டு எடையும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நகை மதிப்பில் எவ்வளவு தரலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. 2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இவை 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அதிகபட்சத் தொகையைத் தரும் திட்டங்களுக்கு வட்டியும் கூடுதலாக இருப்பது வழக்கம். அதனால் தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதே நல்லது. சில நிறுவனங்கள் மாதாமாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், மூன்று மாதம் தாண்டினால் வேறு விகிதம் என்று வைத்திருக்கும். விளம்பரப் பலகையில் இருப்பது முதல் விகிதம் மட்டும்தான்.

நகைக் கடனில் பெரும்பாலும் தவணை கிடையாது. வருடக் கடைசியில் வட்டியும் அசலுமாக மொத்தமாகக் கட்ட வேண்டும். இதுதான் இதன் ஆபத்தும். மாதம் மாதம் யாரும் கேட்காததால் மறந்துவிடுகிறோம், பிறகு வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கிறோம், சில வருடத்தில் நகை ஏலத்துக்குப் போகிறது. ஏலம் விடுவதற்கு முன் அறிவிப்புத் தர வேண்டும், பாக்கி போக மிஞ்சும் பணத்தை நம்மிடம் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மிச்சத்தைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் பலர். முழுப் பணமும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால், புதிய விதிப்படி தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஒரு வரியில்: நகைக் கடன் மலிவு, ஆனால் அடைக்கும் ஒழுங்கை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்து, கையில் காசு கிடைக்கும் போதெல்லாம் கொஞ்சம் அசலைக் குறைக்க முடியுமா என்று வைக்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து அடைக்கப் போகிறீர்கள்?

கடன்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி தேர்ந்தெடுப்பதற்கு நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

சில வாரங்களில் பணம் வரப்போகிறது என்பது உறுதியாக இருந்தால், உதாரணமாகக் காப்பீட்டு நிறுவனம் செலவைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது, சீட்டு முதிரப் போகிறது, நெல் பணம் வரவேண்டும் என்றால், எந்த நாளும் அபராதம் இல்லாமல் அடைக்கக்கூடிய கடனே சரி. நகைக் கடன், வைப்புத்தொகையின் மேல் கடன், எல்.ஐ.சி. பாலிசியின் மேல் கடன் இந்த வகை. வைப்புத்தொகையின் மேல் வங்கி வாங்கும் வட்டி, அது தரும் வட்டியைவிடப் பொதுவாக 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல். முதிர்வதற்கு முன் வைப்பை உடைப்பதைவிட இது பல நேரம் லாபம். பாலிசி சில வருடம் ஓடியிருந்தால் அதன் சரண்டர் மதிப்பில், அதாவது பாலிசியை இப்போதே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகையில், 90 சதவீதம் வரை கடன் கிடைக்கும். இந்த மாதிரிக் குறுகிய தேவைக்கு மூன்று வருடத் தனிநபர் கடனை எடுத்தால் பரிசீலனைக் கட்டணமும் போகும், நிலையான வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டியே அடைப்பதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

மாதச் சம்பளத்திலிருந்துதான் அடைக்க வேண்டும் என்றால் தவணைக் கடன் பொருத்தம். நிலையான சம்பளமும் நல்ல கிரெடிட் ஸ்கோரும் (பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்) உள்ளவருக்கு வங்கியில் 11, 12 சதவீதத்துக்கே தனிநபர் கடன் கிடைக்கும். முதலில் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேளுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு, "தவணை எவ்வளவு குறைவாக வேண்டும்?" என்று கேட்பார்கள். 2 லட்சம், 14 சதவீதம், இரண்டு வருடம் என்றால் தவணை சுமார் 9,600, மொத்த வட்டி 30,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். ஐந்து வருடமாக நீட்டினால் தவணை 4,650க்கு வந்துவிடும், வட்டி 79,000ஐத் தாண்டும். சிகிச்சைக்குப் பிறகு மருந்து, பிசியோதெரபி, மறுபரிசோதனை என்று செலவு தொடரும் என்பதையும் கணக்கில் சேர்த்து, தாங்கக்கூடிய தவணைகளில் பெரியதைத் தேர்ந்தெடுங்கள்.

கிரெடிட் கார்டு அவசரத்துக்குக் கைகொடுக்கும். அடுத்த பில்லில் சொன்ன கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் வட்டியே இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அதுவும் செலவு செய்த நாளிலிருந்தே. ஊர் மூணு வட்டியைவிட இது மோசம். முழுதாகக் கட்ட முடியாது என்று தெரிந்தால் அந்த மாதமே வேறு கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிடுங்கள்.

வருமானம் ஈட்டுபவரே நோயில் படுத்திருந்தால் நிலைமை வேறு. தவணை எதிலிருந்து வரும் என்று உறுதியாகத் தெரியாதபோது மாதாமாதம் கட்டாயம் கட்ட வேண்டிய கடனில் கையெழுத்துப் போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். ஓராண்டு அவகாசம் தரும் நகைக் கடனோ, சொந்தக்காரர் தரும் கைமாற்றோ அப்போது மூச்சு விட இடம் தரும். கைமாற்றாக இருந்தாலும் தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

கட்ட முடியாமல் போனால்

தவணை தவறப்போகிறது என்று தெரிந்தவுடன், தவறிய பிறகு அல்ல, கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். தவணைக் காலத்தை மாற்றி அமைக்க இடம் இருக்கலாம். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அந்த அபராதத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் சொல்லியிருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது.

அப்படி நடந்தால் முதலில் அந்த வங்கி அல்லது நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எப்படிப் புகார் கொடுப்பது என்று 14448 என்ற எண்ணில் கேட்கலாம். தண்டல், கந்துவட்டி மிரட்டல் என்றால் குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டியதில்லை, நேராகக் காவல் நிலையம் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான்.